யூனிஃபார்ம் போட்ட ஈ

தேனீ கொட்டிவிடும் என்று பயந்து இதுவரை நீங்கள் ஓடிய ஓட்டங்களில் சில அநாவசியம். துரத்தியது தேனீயே இல்லை. சொல்லப்போனால் அது துரத்தவும் இல்லை. அது பாட்டுக்கு அந்தரத்தில் நின்றுகொண்டிருந்தது. நீங்கள்தான் டிபன் பாக்ஸைப் போட்டுவிட்டு ஓடினீர்கள்.

அந்தரத்தில் நிற்பது என்றால் நிஜமாகவே நிற்பது. கண்ணுக்குத் தெரியாத ஆணியில் யாரோ மாட்டிவிட்டுப் போன மாதிரி. முன்னே போகாது, பின்னே போகாது, ஏறாது, இறங்காது. கையை நீட்டினால் சட்டென்று அரை அடி தள்ளிப் போய் அங்கேயும் அதே மாதிரி நிற்கும். வயிற்றில் மஞ்சளும் கறுப்புமாகப் பட்டை போட்டிருக்கும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். ஆனால் கொடுக்கு கிடையாது. கடிக்கவும் தெரியாது.

ஆங்கிலத்தில் இதை ஹோவர்ஃப்ளை என்கிறார்கள். நம் வேளாண்மைக் கல்லூரிக்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லி சிர்ஃபிட் ஈ என்கிறார்கள். ஊர்ப்பக்கம் போனபோது விசாரித்ததில் ஒருத்தர் "ஈதானே!" என்றார். இன்னொருத்தர் "குளவிக்குட்டி" என்றார். பெயர் இல்லாமல் இரண்டு பக்கம் எழுத முடியாது. ஆகவே இந்தக் கட்டுரை முடிகிற வரைக்கும் இதற்கு அந்தர ஈ என்று பெயர் வைத்துக்கொள்வோம். தமிழறிஞர்கள் மன்னிக்கவும்.

உலகத்தில் 6,000 இனங்களுக்கு மேல் இருக்கின்றன. இந்தியாவில் மட்டும் 300க்கு மேல். அன்டார்டிகாவைத் தவிர எல்லாக் கண்டத்திலும் உண்டு. உங்கள் ஆபீஸ் காம்பவுண்டு சுவரோரம் வெட்டுக்காயப் பூண்டு பூத்திருக்குமே, மஞ்சள் நடுவும் வெள்ளை இதழுமாக, யாரும் தண்ணீர் விடாமலே வளருமே, அங்கேயும் உண்டு. லஞ்ச் முடிந்து பத்து நிமிஷம் மிச்சமிருந்தால் போய்ப் பார்க்கலாம். சினிமா, கிரிக்கெட், மேனேஜர் ஆகிய மூன்று விஷயங்களையும் பேசித் தீர்த்தவர்களுக்கு இது நல்ல பொழுதுபோக்கு.

எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகத்தில் முதலில் போட்டிருப்பது, சிறகை எண்ணு என்பது. தேனீக்கு நாலு சிறகு, ஈக்கு ரெண்டு. சொல்வது சுலபம். தேனீயின் முன்சிறகும் பின்சிறகும் சின்னக் கொக்கிகளால் சேர்ந்திருப்பதால் நாலும் ரெண்டாகத்தான் தெரியும். அதுவும் எண்ணுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தால்தானே!

அதைவிட முகத்தைப் பார்ப்பது உத்தமம். அந்தர ஈக்குத் தலை முழுக்கக் கண். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட் போட்ட மாதிரி இருக்கும். அடுத்தது மீசை, அதாவது உணர்கொம்பு. தேனீக்கும் குளவிக்கும் நீளமாக, வளைந்து, ராஜா ராணி நாடகத்து சேனாதிபதி மீசை. இதற்கு ஹிட்லர் மீசை, அதிலும் பாதி. மூன்றாவது இடுப்பு. குளவியின் இடுப்பு பிரசித்தம். இதன் இடுப்பு, இருபது வருஷ சர்வீஸ் போட்ட ஹெட் கிளார்க்கின் இடுப்பு. எங்கே ஆரம்பிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. நாலாவது கால். தேனீ பின்னங்காலில் மகரந்த உருண்டையைக் கட்டிக்கொண்டு திரியும். இது வெறுங்காலோடு வரும், வெறுங்காலோடு போகும்.

உட்கார்ந்திருப்பது ஆணா பெண்ணா என்றுகூடச் சொல்லிவிடலாம். பெரும்பாலான இனங்களில் ஆணுக்கு ரெண்டு கண்ணும் உச்சந்தலையில் ஒட்டிக்கொண்டிருக்கும். பெண்ணுக்கு நடுவே வகிடு எடுத்த மாதிரி இடைவெளி. வெயில் விழுகிற ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, இது என் ஏரியா என்று அந்தரத்தில் நிற்பது அநேகமாக ஆண். எது குறுக்கே போனாலும், இன்னொரு ஈயோ, பட்டாம்பூச்சியோ, நீங்கள் எறிந்த பொடிக்கல்லோ, பாய்ந்து போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பப் பழைய இடத்துக்கே வந்து நிற்கும். தெருமுனையில் பைக் மேல் உட்கார்ந்திருக்கும் சிநேகிதர்கள் ஞாபகம் வந்தால் அதற்கு நான் பொறுப்பில்லை.

ஒரே இடத்தில் நிற்பதற்கு நொடிக்கு நூறு தடவைக்கு மேல் சிறகடிக்க வேண்டியிருக்கிறது. ஈக்களுக்குப் பின்சிறகு இருக்கவேண்டிய இடத்தில், குச்சி முனையில் உருண்டை வைத்த மாதிரி ஒரு சின்ன உறுப்பு இருக்கிறது. உடம்பு இம்மி திரும்பினாலும் அது உடனே தகவல் சொல்லிவிடும். விமானத்தில் இருக்கும் ஜைரோஸ்கோப் செய்கிற வேலை. சிறகிலும் ஒரு விசேஷம். நடுவில், எந்த நரம்போடும் சேராமல் ஒரு பொய் நரம்பு ஓடும். எங்கேயும் ஆரம்பிக்காது, எங்கேயும் போய்ச் சேராது. தேர்தலுக்கு முன்னால் போட்ட ரோடு மாதிரி. இந்தக் குடும்பத்தைச் சந்தேகமில்லாமல் அடையாளம் சொல்ல நிபுணர்கள் லென்ஸ் வைத்துத் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

சரி, கொடுக்கு இல்லாத ஈக்குக் குளவி யூனிஃபார்ம் எதற்கு?

இதற்கு வழி காட்டியவர் நம் இனம். அதாவது குமாஸ்தா. ஹென்றி வால்ட்டர் பேட்ஸ் என்று பெயர். இங்கிலாந்தில் ஒரு பீர் ஆலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தவர். ஓய்வு நேரத்தில் வண்டு பிடிப்பார். 1848ல் வேலைக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு அமேசான் காட்டுக்குப் போனவர், 11 வருஷம் அங்கேயே இருந்துவிட்டார். (லீவ் லெட்டர் எழுதும்போது இவரை நினைத்துக்கொள்ளவும்.) திரும்பி வந்து 1862ல் ஒரு கட்டுரை வெளியிட்டார். ருசியில்லாத, பறவைகள் ஒதுக்குகிற பட்டாம்பூச்சிகளைப் போலவே வேஷம் போட்டுக்கொண்டு, ருசியான பட்டாம்பூச்சிகள் தப்பித்துக்கொள்கின்றன என்பது சாரம். அவர் சொன்னது பட்டாம்பூச்சியைப் பற்றி. நம் ஈக்கும் அதே கதைதான். ஒரு பறவைக் குஞ்சு முதல் தடவை குளவியைக் கொத்தும். வாயில் வாங்கிக்கட்டிக்கொள்ளும். அதற்கப்புறம் மஞ்சள் கறுப்புப் பட்டையைப் பார்த்தாலே 'வேண்டாம்டா சாமி' என்று போய்விடும்.

இதில் ஒரு சட்டச் சிக்கல் உண்டு. வேஷக்காரர்கள் அளவோடு இருக்கவேண்டும். ஊரில் அசல் போலீஸைவிட நாடகப் போலீஸ் அதிகமாகிவிட்டால் யாரும் சல்யூட் அடிக்கமாட்டார்கள். பறவைக்கும் அப்படித்தான்.

சில இனங்கள் வேஷத்தோடு நிற்காமல் நடிக்கவும் செய்கின்றன. மீசை சின்னது என்று சொன்னேன் அல்லவா? அதை மறைக்க முன்னங்கால் இரண்டையும் தூக்கி நெற்றிக்கு நேராக வைத்து ஆட்டும். தூரத்திலிருந்து பார்த்தால் நீள மீசை.

பறவை ஏமாறுவது இருக்கட்டும். மனுஷன் ஏமாந்த கதை இன்னும் பெரிசு. செத்த எருதின் உடம்பிலிருந்து தேனீக்கள் பிறக்கும் என்று பழைய ரோமாபுரியில் நம்பினார்கள். வர்ஜில் என்ற மகாகவி அதற்குச் செய்முறையே எழுதி வைத்திருக்கிறார். எத்தனை எருது வீணாய்ப் போனதோ! 19ம் நூற்றாண்டின் கடைசியில் ஓஸ்டன் ஸாக்கன் என்ற ரஷ்யப் பிரபு (தூதரக அதிகாரி, ஈ ஆராய்ச்சிக்காரர், ரெண்டும்) முடிச்சை அவிழ்த்தார். அழுகின நீரில் முட்டையிட்டு வளர்கிற ஓர் அந்தர ஈ இருக்கிறது. எரிஸ்டாலிஸ் என்று பெயர். அச்சு அசல் தேனீ மாதிரியே இருக்கும். எருதிலிருந்து புறப்பட்டது அதுதான் என்றார். தேன் ஏன் கிடைக்கவில்லை என்று அத்தனை நூற்றாண்டாக ஒருவர்கூட யோசிக்காததுதான் ஆச்சரியம்.

இனி நம்ம ஊருக்கு வரலாம்.

நான் குடியிருப்பது தாம்பரத்துக்குப் பக்கத்தில், ஒரு மாடி போர்ஷனில். வீட்டுக்காரர் ரிடையர் ஆனவர். மொட்டை மாடியில் பந்தல் போட்டு அவரை வளர்க்கிறார். மார்கழியில் பூவும் பிஞ்சுமாகக் கொடி நிறைந்திருந்த சமயம், கொழுந்து, காம்பு, பிஞ்சு எல்லாவற்றிலும் கறுப்பாக மொய்த்துவிட்டது. அசுவினி. எள்ளைத் தூவி ஒட்டவைத்த மாதிரி. அசுவினியின் குடும்பக் கட்டுப்பாடு மோசம். பெண், ஆண் துணையில்லாமலே, முட்டைகூட இடாமல், குட்டியாகவே போட்டுக்கொண்டிருக்கும். அந்தக் குட்டியும் சில நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும். சாற்றை உறிஞ்சிவிட்டுப் பின்னால் இனிப்புத் தண்ணீர் விடும். அதற்காக எறும்புகள் வந்து காவல் காக்கும்.

வீட்டுக்காரர் ஸ்ப்ரேயரோடு மாடிக்கு வந்தார். நான் கொடிக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தேன்.

"தள்ளுங்க தம்பி. மருந்து அடிக்கணும்."

"சார், ஒரு வாரம் பொறுத்து அடிக்கலாமா?"

"ஒரு வாரத்துல கொடியே இருக்காது."

பூவில் நின்றுகொண்டிருந்த அந்தர ஈயைக் காட்டினேன். அதன் புழுதான் அசுவினியைத் தின்னும் என்றேன். அவர் என்னையும் ஈயையும் மாறி மாறிப் பார்த்தார். ரெண்டு பேர் மேலும் அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வாடகை ஏற்ற ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்த மனிதர் வேறு. கடைசியில் அவர் மனைவிதான் தீர்ப்புச் சொன்னார். "ஏங்க, பாதிப் பந்தலுக்கு அடிங்க. மீதியை அந்தப் பிள்ளை இஷ்டத்துக்கு விடுங்க. காய் வரலேன்னா கடையில வாங்கித் தரட்டும்."

அவரைக்காய் அப்போது விற்ற விலை எனக்குத் தெரியும். மாதக் கடைசி வேறு.

ரெண்டாம் நாள் மருந்து அடித்த பாதி பளிச்சென்று இருந்தது. என் பாதி இன்னும் கறுத்திருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை. மாடிக்கு வருவார், ரெண்டு பக்கமும் பார்ப்பார், கனைப்பார், இறங்கிப் போவார். நாலாம் நாள் அசுவினிக் கூட்டத்துக்கு நடுவில் அங்கங்கே வெள்ளையாக, எள்ளைவிடச் சின்னதாக, நீளவாக்கில் முட்டைகள் தெரிந்தன. தாய் ஈ விவரமானது. பிள்ளைகளைச் சமையலறையிலேயே பெற்றுப் போடுகிறது.

ஒன்பது பத்து நாள் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலை அவரைக் கூப்பிட்டு லென்ஸைக் கையில் கொடுத்தேன்.

"இதுவா? அட்டை மாதிரி இருக்கே! பார்த்தா நசுக்கத் தோணுது."

நியாயம். அந்தப் புழுவுக்கு அழகு கிடையாது. பச்சையாக, முதுகில் வெளிறிய கோட்டோடு, ஒரு பக்கம் கூம்பி, காலில்லாமல், கண்ணில்லாமல் இலை நரம்போடு ஒட்டிக்கொண்டிருக்கும். குருடன் கோலைத் தட்டுகிற மாதிரி தலையை இடமும் வலமும் வீசித் தேடும். அசுவினி தட்டுப்பட்டால் கவ்வி, அப்படியே அந்தரத்தில் தூக்கிப் பிடித்து, ஸ்ட்ரா போட்டு இளநீர் குடிக்கிற மாதிரி உறிஞ்சிவிட்டு, வெறும் தோலைத் தூக்கிப் போடும். தூக்கிப் பிடிப்பதில் ஒரு தந்திரம் இருக்கிறது. காலை ஊன்ற இடமில்லாவிட்டால் அசுவினியால் ஓட முடியாது. ஒரு புழு, கூட்டுப்புழு ஆவதற்குள் நூற்றுக்கணக்கில் தீர்த்துவிடும்.

அவர் மனைவி லென்ஸைப் பிடுங்கிக்கொண்டார். "ஐயோ, தூக்கிச் சாப்பிடுதுங்க!" அப்புறம் கால் மணி நேரம் யாருக்கும் லென்ஸ் கிடைக்கவில்லை.

இரண்டு வாரத்தில் என் பாதியில் கறுப்பு வெகுவாகக் குறைந்துவிட்டது. முழுக் கிரெடிட்டும் ஈக்குத்தான் என்று சொல்லமாட்டேன். பொறிவண்டுகளும் வந்து ஓவர்டைம் பார்த்தன. முதல் வாரத்துப் பிஞ்சுகள் கணிசமாகப் போகத்தான் செய்தன, அதையும் சொல்லவேண்டும். ஆனால் மூன்றாவது வாரம், மருந்து அடித்த பாதியில் அசுவினி திரும்பவும் ஏற ஆரம்பித்தது. அங்கே அதைத் தின்ன ஆள் இல்லை. மருந்தில் புழுவும் வண்டும் போயிருந்தன. அசுவினிக்கு நாலு தப்பினால் போதும், ஒரு வாரத்தில் நாலு நூறாகும். தின்னுகிறவன் அத்தனை வேகத்தில் பெருக முடியாது. வீட்டுக்காரர் ஸ்ப்ரேயரை எடுத்தார், கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார், மறுபடி ஷெட்டில் வைத்துவிட்டார். இதை ஆராய்ச்சி என்று யாரும் எடுத்துக்கொள்ளக்கூடாது. ஒரு மொட்டை மாடி, ஒரு பந்தல், ஒரு மார்கழி. வாடகை மட்டும் தை மாதம் ஏறிவிட்டது.

இந்த ஈயிடம் எனக்குப் பிடித்தது இதுதான். ஒரே ஆயுளில் ரெண்டு உத்தியோகம். சின்ன வயதில் அசுவினி தின்பது. சிறகு முளைத்ததும் சைவமாகி, பூவுக்குப் பூ போய்த் தேனும் மகரந்தமும் சாப்பிட்டு, போகிற வழியில் மகரந்தச் சேர்க்கை. அந்த வேலையில் தேனீ வகைகளுக்கு அடுத்த நாற்காலி இதற்குத்தான் என்கிறார்கள். முட்டை உருவாகப் பெண்ணுக்கு மகரந்தம் தேவை. ஆகவே பக்கத்தில் பூ இல்லாத செடிக்கு இது வராது. பந்தலுக்குப் பக்கத்துத் தொட்டியில் கொத்தமல்லியை முழுக்கக் கிள்ளி ரசத்தில் போடாமல் கொஞ்சம் பூக்க விட்டால் போதும். வாய் சின்னது, ஆழமான பூவெல்லாம் எட்டாது. கொத்தமல்லிப் பூ அதற்குத் தட்டில் வைத்த மாதிரி.

மொட்டை மாடியில் நடப்பதை ஒரு தேச அளவில் கணக்குப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். பூச்சிகளுக்கென்றே வானத்தைப் பார்த்து வைத்த ரேடார் உண்டு. அதன் பத்து வருஷப் பதிவுகளைக் கொண்டு இங்கிலாந்தில் நடத்திய ஆய்வு ஒன்று 2019ல் வெளியானது. இரண்டே வகை அந்தர ஈக்கள், வருஷத்துக்கு 400 கோடி வரை, தெற்கு இங்கிலாந்துக்கு மேலே பறந்து வந்து போகின்றன என்று தெரிந்தது. வசந்தத்தில் வடக்கே, இலையுதிர் காலத்தில் தெற்கே. கடலைத் தாண்டி! வந்த ஈ வேறு, திரும்புகிற ஈ அதன் சந்ததி. அவற்றின் புழுக்கள் தின்று தீர்க்கும் அசுவினி பல லட்சம் கோடி. லட்சம் கோடி என்பதை ஊழல் செய்தியைத் தவிர வேறெங்கும் நான் கேள்விப்பட்டது இப்போதுதான். ஓர் அரை அங்குல ஈ, பாஸ்போர்ட் இல்லை, சம்பளம் இல்லை, வந்து வேலையைப் பார்த்துவிட்டுப் போகிறது. அந்த இரண்டில் ஒரு வகை நம் நாட்டிலும் இருக்கிறது. வயிற்றில் ஒவ்வொரு மஞ்சள் பட்டைக்கும் ஒரு தடித்த கோடு, ஒரு மெல்லிய கோடு, மீசை வரைந்த மாதிரி. பார்த்தால் மறக்காது.

அங்கே 280 சொச்சம் இனங்கள்தான். ஆனால் பாங்க் குமாஸ்தாவும் பள்ளிக்கூட வாத்தியாரும் லீவு நாளில் நோட்டும் கையுமாகப் போய் எண்ணி எழுதுகிறார்கள். நம்மிடம் இனம் அதிகம், எண்ணுகிற ஆள் குறைவு. இந்திய அந்தர ஈக்களைப் பற்றிய பெரிய புத்தகம் 1923ல் வந்தது. எழுதியவர் என்ரிகோ புருனெட்டி. அவர் ஒரு சங்கீதக்காரர்! வாத்தியம் வாசித்துப் பிழைத்தவர், கல்கத்தாவில் உட்கார்ந்து ஈக்களுக்கு ஜாதகம் எழுதினார். ரீங்காரத்தின் சுருதி பிடித்துப்போயிருக்கலாம். நூறு வருஷம் தாண்டியும் ஆராய்ச்சிக்காரர்கள் அந்தப் புத்தகத்தைத் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறார்கள்.

இப்போது வசதி ஜாஸ்தி. கையில் செல்போன் இருக்கிறது. கொல்லவேண்டாம், குண்டூசி குத்தவேண்டாம். முதுகைத் தெளிவாக ஒரு படம், முகத்தை ஒரு படம், முடிந்தால் சிறகை ஒரு படம். தேதியும் இடமும் குறித்துக்கொள்ளவேண்டும். எல்லாவற்றுக்கும் பெயர் கிடைத்துவிடாது. சில இனங்களைப் படம் பார்த்துப் பிரிக்கவே முடியாது, மைக்ராஸ்கோப் வேண்டும். அதனாலென்ன, ஆபீஸிலும் எல்லார் பெயரும் தெரிந்தா பழகுகிறோம்?

போன மாதம் எங்கள் ஆபீஸ் எதிர் டீக்கடையில் ஒன்று கிடைத்தது. கடைக்குப் பின்னால் பாத்திரம் கழுவின தண்ணீர் தேங்கி நிற்கும். அதில் சாம்பல் நிறப் புழுக்கள், ஒவ்வொன்றுக்கும் எலிவால் மாதிரி நீள வால். அது வால் இல்லை, மூக்கு. புழு அடியில் கிடந்தபடி குழாயை மேலே நீட்டி மூச்சு விடும். ஆழம் கூடினால் குழாயையும் இழுத்து நீட்டிக்கொள்ளும், பழைய ரேடியோ ஏரியல் போல. எரிஸ்டாலிஸின் சொந்தக்காரர்கள். சாக்கடையில் அழுகுவதைத் தின்று கழிவைக் குறைப்பது இவர்கள் இலாகா. பக்கத்தில் டின்னில் வைத்திருந்த துளசியில் ஒரு பெரிய ஈ உட்கார்ந்திருந்தது. கண் முழுக்கப் பொடிப்பொடியாகப் புள்ளி, பித்தளைத் தட்டில் மை தெறித்த மாதிரி. எரிஸ்டாலினஸ் ஜாதி என்பது வரைக்கும் புரிந்தது. எந்த இனம் என்று பார்க்கச் செல்போனைக் கிட்டே கொண்டுபோனேன். டீ மாஸ்டர் ஓடி வந்துவிட்டார்.

"சார், என்ன சார் எடுக்கறீங்க?"

"ஈ."

"ஈயா! சார், கடைக்குக் கெட்ட பேரு வந்துரும் சார்."

"இது பலகாரத்துல உட்கார்ற ஈ இல்லை. பூவுக்கு வர்றது. அந்தத் தண்ணியில பிறந்தது."

அவர் தண்ணீரைப் பார்த்தார். துளசியைப் பார்த்தார். என் செல்போனைப் பார்த்தார்.

"சரி சார், எடுத்துக்குங்க. துளசி மட்டும் வர்ற மாதிரி எடுங்க. சாக்கடை வேணாம்."